வேனுக்கு முன்னால் நடந்த மாமா

பெரியப்பாவின் பேரனுக்குத் திருச்செந்தூரில் மொட்டை போட்டுக் காது குத்திவிட்டுத் தூத்துக்குடிக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். ஒரே வேனில் இருபத்திரண்டு பேர். இரண்டு வேன் பிடிக்கலாம் என்று அப்பா சொன்னதற்கு, குடும்பம் என்றால் ஒன்றாகத்தான் போகவேண்டும் என்று பெரியப்பா சொல்லிவிட்டார். அதனால் ஒருவர் மடியில் ஒருவராக, மிகவும் ஒன்றாகவே போனோம். ஒன்பது வயதில் எனக்கு அத்தையின் மடி கிடைத்திருந்தது.

காலையில் தூறலாக இருந்த மழை, மத்தியானம் சாப்பிட்டுக் கிளம்பும்போது ஊற்றத் தொடங்கியிருந்தது. பழையகாயல் தாண்டியதும் இருபுறமும் உப்பளம். அன்றைக்குப் பாத்தியும் இல்லை, வரப்பும் இல்லை. எங்கு பார்த்தாலும் தண்ணீர். கொஞ்ச தூரத்தில் சாலையும் அதற்குள் போய்விட்டது. டிரைவர் வண்டியை நிறுத்தினார். திரும்பிவிடலாம் என்றால், வந்த வழியிலும் தண்ணீர் ஏறியிருந்தது. எங்கோ குளம் உடைந்துவிட்டதாக அப்பாவின் போனுக்குச் செய்தி வந்தது. அதோடு சிக்னலும் போயிற்று.

வேனின் கீழ்ப்படி நனைந்தது. பிறகு மேல்படி. பெண்கள் செருப்புகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்கள். அதுவரை ஓயாமல் பேசிக்கொண்டு வந்தவர்கள் எல்லோரும் ஜன்னல் வழியே தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். காது குத்திய பிள்ளை மட்டும் வலியில் அழுதுகொண்டிருந்தான்.

முன்னால் பாலத்து மேட்டில் உப்பு லாரிகள் வரிசையாக நிற்பது மங்கலாகத் தெரிந்தது. அதுவரை போய்விட்டால் போதும். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு நடக்கலாம் என்றால், தண்ணீரில் இழுப்பு இருந்தது.

“ரோடு எது, ஓடை எதுன்னே தெரியல அண்ணாச்சி,” என்றார் டிரைவர். “ரெண்டு பக்கமும் பள்ளம். யாராவது முன்னால நடந்து காட்டினாத்தான் வண்டிய எடுப்பேன்.”

அப்பா சட்டையைக் கழற்றப் போனார். அதற்குள் பெரியப்பா, “ஏ, நம்ம மாப்ள ஹார்பர்காரர்லா! அவருக்குத் தண்ணி புதுசா?” என்றார்.

மாப்பிள்ளை என்றது அத்தையின் கணவரை. மாமா துறைமுகத்துப் பக்கம் ஓர் அலுவலகத்தில் கப்பல் சரக்குக்கான காகிதங்களை டைப் செய்துகொண்டிருந்தார். வீட்டில் யாரும் அவரிடம் எதற்கும் யோசனை கேட்டதில்லை. சிரிக்கவைப்பார் என்பதற்காகப் பிள்ளைகள் நாங்கள்தான் அவரைச் சுற்றிச்சுற்றி வருவோம்.

மாமா எழுந்தார். அத்தையை ஒருமுறை பார்த்தார். “அதான, நமக்கென்ன!” என்று சிரித்தபடி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பெரியப்பாவின் குடையோடு இறங்கினார். தண்ணீர் அவர் முழங்காலுக்கு மேல் இருந்தது. “மச்சான், நீங்க பின்னால தள்ளுங்க,” என்று அப்பாவிடம் சொன்னார்.

குடைக்கம்பால் தரையைக் குத்திக் குத்திப் பார்த்து ஓரோர் அடியாக மாமா நடக்க, வேன் பின்னாலேயே ஊர்ந்தது. போக்குவரத்து போலீஸ்காரர் போல அவர் கையை நீட்டி எங்களை வரச்சொன்னபோது பிள்ளைகள் எல்லோரும் சிரித்தோம். பயம் போய்விட்டது போலிருந்தது. அத்தை மட்டும் என் முழங்கையை வலிக்கும்படி பிடித்திருந்தாள்.

திடீரென்று மாமா இடதுபக்கம் சரிந்தார். குடை போயிற்று. தலையும் போயிற்று. டிரைவர் பிரேக் போட்டார். நான் ஒன்று, இரண்டு என்று எண்ணினேன். ஐந்தில் ஒரு கை மேலே வந்து ஏதோ கல்லைப் பிடித்தது, பிறகு தலை. இருமித் துப்பிவிட்டு, எங்களைப் பார்த்து ஒரு சல்யூட் வைத்து, “இது ரோடு இல்ல!” என்று கத்தினார்.

நான் கைதட்டினேன். “மாமா, இன்னொரு வாட்டி!” என்று கூவினேன்.

அத்தை என்னை ஓங்கி அறைந்தாள். கன்னம் எரிந்தது. வீட்டில் ஒருவரும் அதுவரை என்னை அடித்ததில்லை. யாரும் ஏனென்று கேட்கவும் இல்லை.

மாமா காலால் தரையைத் தடவித் தடவி மறுபடி முன்னால் நடக்க, வேன் மேட்டில் ஏறியது. லாரிக்காரர்கள் ஸ்டவ் பற்றவைத்து எங்களுக்குப் பால் இல்லாத கட்டஞ்சாயா போட்டுக்கொடுத்தார்கள். மாமா டம்ளரை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். குளிர் என்றார். அத்தை தன் புடவைத் தலைப்பால் அவர் தலையைத் துவட்டினாள். துவட்டியது போல இல்லை, தேய்த்தது போல இருந்தது. எல்லோர் முன்னாலும் கோமாளித்தனம் செய்ததற்குக் கோபம் என்று நினைத்துக்கொண்டேன். என்னை அடித்ததற்காக மூன்று வாரம் அவளோடு பேசாமல் இருந்தேன்.

கல்லூரியில் நீச்சல் வகுப்பில் சேர்ந்தபோது, நீயும் மாமா மாதிரி நீச்சல்காரி ஆகிவிடுவாய் என்று சொல்வாள் என எதிர்பார்த்து அத்தையிடம் போய்ச் சொன்னேன். மீன் கழுவிக்கொண்டிருந்தவள் நிமிராமலேயே சொன்னாள்.

“நல்லாப் படிளா. அவியளுக்குத்தான் நீச்சல் தெரியாது.”

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. “அப்ப அன்னைக்கு வேன்ல நீங்க சொல்லியிருக்கலாம்லா?”

“சொல்லாதன்னு ஒரு பார்வை பார்த்துட்டு எறங்கிட்டாவ. எங்க வீட்டு ஆளுக முன்னால நான் எப்பிடிச் சொல்ல?”

அந்த வேனில் அவள் வாய்விட்டுக் கத்த முடியாத கத்தல்தான் என் கன்னத்தில் விழுந்தது என்று ஒன்பது வயதில் எனக்குத் தெரியவில்லை.