ஹெப்பாளுக்கு மேலே மூவாயிரம் அடி

2023 ஜூலை 9, ஞாயிற்றுக்கிழமை, காலை பதினொன்று பத்து. தூறல். இருபத்து மூன்று டிகிரி. மேற்கிலிருந்து லேசான காற்று. ஜன்னலுக்கு வெளியே பெங்களூர் ஜோகுபாளையத்தில் இருந்த அதே வானிலைதான் கம்ப்யூட்டருக்குள்ளும் இருந்தது. நிஜ வானிலையை இணையத்திலிருந்து எடுத்துக்கொள்ளும்படி அமைத்திருந்தேன். மாதா கோயில் பூசைக்குக் கட்டிப்போன புடவையை மாற்றாமல் என் மனைவி பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள். கையில் ஜெபமாலை. திரையில் ஜக்கூர் ஓடுபாதையின் முனையில் ஒற்றை இன்ஜின் விமானம் ஒன்று உறுமிக்கொண்டு நின்றது.

"பெல்ட் எங்க?" என்றாள்.

"வீட்டுக்குள்ள பெல்ட் எதுக்கு?"

"நிஜத்துல இருக்கிற மாதிரியே இருக்கும்னீங்களே. அப்போ அதுவும் பொய்யா?"

எழுந்து போய் ஒரு துப்பட்டாவைக் கொண்டுவந்து அவள் இடுப்போடு நாற்காலியைச் சேர்த்துக் கட்டினேன். பிறகுதான் புறப்பட விட்டாள்.

எனக்கு அப்போது வயது எழுபத்து மூன்று. தணிக்கை அலுவலகத்தில் முப்பத்து நான்கு வருடம் பிறர் கணக்கில் தப்புக் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்கியவன். ஊரடங்கில் வெளியே போக முடியாமல் இருந்தபோது இந்த விமான விளையாட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டேன். விளையாட்டு என்று சொல்லக் கூடாது என்று எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. நிஜ விமானத்தில் வேகமும் உயரமும் காட்டும் முட்கள் எல்லாம் அதில் உண்டு. நிஜ நிலம் உண்டு. என் மனைவிக்கு அது மூன்று வருடம் முன்னறையிலிருந்து வந்த ஒரு சத்தம், அவ்வளவுதான். மிக்சி ஓடும்போது கேட்காத சத்தம்.

அவளை அதன் முன்னால் உட்கார வைத்ததற்குக் காரணம் எங்கள் மகள். மஸ்கட்டில் இருக்கிறாள். இரண்டு முறை கலைந்து, மூன்றாவது தங்கியிருந்தது. டாக்டர் படுக்கையை விட்டு எழுந்திருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். மருமகனுக்கு எண்ணெய் வயலில் வேலை. இரண்டு வாரம் அங்கே, இரண்டு வாரம் வீட்டில். டிசம்பரில் பிரசவம். "அம்மா பக்கத்துல இருந்தா போதும்பா, வேற ஒண்ணும் வேணாம்" என்று போனில் சொன்னாள். அவள் எதையும் கேட்டு வாங்குகிற பெண் இல்லை.

அம்மாவோ அல்சூர் மெட்ரோ நிலையத்துக்குக்கூடப் படியேற மாட்டாள். ரயில் தூணின் மேல் ஓடுகிறதாம். எம்.ஜி. ரோடு போகவும் பஸ்தான். விமானம் என்ற பேச்சை எடுத்தால் உள்ளங்கை வேர்த்துவிடும். நான் தொட்டே பார்த்திருக்கிறேன்.

தெரியாத பொருள்தான் பயமுறுத்தும், தெரிந்துவிட்டால் பயம் போகும் என்று நினைத்தேன். இப்போதும் அது தப்பென்று எனக்குத் தோன்றவில்லை. கிளம்பியதும் கண்ணை மூடிக்கொண்டவள் மூன்றாவது நிமிடம் ஒரு கண்ணைத் திறந்தாள்.

"கீழ என்ன, நம்ம ஏரியா?"

அல்சூர் ஏரிதான். நடுவில் இருக்கும் திட்டுகூடத் தெரிந்தது. அவள் நாற்காலியோடு முன்னால் நகர்ந்தாள். கோயில், ராணுவ மைதானம், பழைய மெட்ராஸ் ரோடு என்று விரல் வைத்துக் காட்டினேன். எங்கள் மொட்டை மாடியைத் தேடச் சொன்னாள். அது ஒரு பழுப்புப் புள்ளி. "தண்ணித் தொட்டி மூடி திறந்து கிடக்குதா பாருங்க" என்றாள். தெரியவில்லை என்றதும், "இவ்வளவு காசு போட்டும் அது தெரியலையா?" என்றாள். இறங்கும்போது மட்டும் ஜெபமாலையில் ஒரு பத்து மணி சொன்னாள். பத்து முடியவும் சக்கரம் தரையில் படவும் சரியாக இருந்தது.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைதோறும் அதுவே வழக்கமாகிவிட்டது. பூசை, காபி, ஜக்கூர். துப்பட்டா நாற்காலியிலேயே தொங்கியது. ஆகஸ்ட் கடைசியில் மகளிடம் போனில், "உங்கப்பா நேத்து நந்தி மலையைச் சுத்திக் காட்டினாரு. கொஞ்சம் குலுக்குச்சு, அவ்வளவுதான்" என்று சொன்னாள். அந்தப் பக்கம் மகள் அழுதது எனக்குக் கேட்டது.

பத்தாவது ஞாயிறு, சிவாஜி நகர் மாதா கோயில் திருவிழா முடிந்த மறுநாளைக்கு மறுநாள். ஏரிக்கு மேலே ஆறாயிரம் அடியில் போய்க்கொண்டிருந்தோம். அவள் திடீரென்று கேட்டாள்.

"இன்ஜின் நின்னு போச்சுன்னா?"

நிற்காது என்று சொல்லியிருக்கலாம். அப்படித்தான் சொல்லியிருக்க வேண்டும் என்று என் மைத்துனன் இன்றுவரை சொல்கிறான். ஆனால் நிற்காது என்பது பொய். நின்றாலும் பயமில்லை என்பதுதான் உண்மை. அந்த உண்மையை நான் தனியாகச் சோதித்து வைத்திருந்தேன். சென்னைக் கடற்கரைக்கு மேலே இருபது முறை இன்ஜினை அணைத்து, இருபது முறையும் பத்திரமாக இறங்கியிருக்கிறேன். ஆயிரம் அடி உயரம் இருந்தால் இரண்டே முக்கால் கிலோமீட்டர் சறுக்கிக்கொண்டு போகலாம். ஆறாயிரம் அடிக்குப் பதினாறரை கிலோமீட்டர். ஏரியிலிருந்து ஜக்கூர் பதினொன்று. ஐந்தரை கிலோமீட்டர் கையில் மிச்சம்.

"காட்டட்டுமா?" என்றேன்.

"நீங்க சொன்னா சரி."

இன்ஜினை அணைத்தேன். முன்னால் விசிறி நின்றது. அவள் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டாள். விழவில்லை. காற்றின் சத்தம் மட்டும்.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள். "இரைச்சல் இல்லாம."

கன்டோன்மென்ட் ரயில் பாதை கடந்தது. மேக்ரி சர்க்கிளின் மரங்கள் வந்தன. மரங்கள் மிகப் பெரிதாக இருந்தன. உயரம் காட்டும் முள்ளைப் பார்த்தேன், நாலாயிரத்துக்குப் பக்கத்தில் காட்டியது. இன்னும் எவ்வளவோ இருக்கிறது. ஆனால் கண் வேறு சொன்னது.

"ஏங்க, பஸ் நம்பர் படிக்கலாம் போல இருக்கே?"

"இரு."

"ஜக்கூர் எங்க?"

ஜக்கூர் தூரத்தில் ஒரு சாம்பல் கோடாக இருந்தது. அதற்கு முன்னால் ஹெப்பாள் மேம்பாலம் குறுக்கே எழுந்து நின்றது. அவள் ஜெபம் சொல்ல ஆரம்பித்தாள். விமானத்தின் மூக்கைத் தூக்கினேன். தூக்கக் கூடாது என்று தெரிந்தும் தூக்கினேன். வேகம் குறைந்து எச்சரிக்கைச் சத்தம் குழந்தை அழுவதுபோல இழுத்தது. பாலத்தின் தூண், அதன் மேல் ஒட்டியிருந்த ஈரக்கறை, ஹெப்பாள் ஏரியின் ஓரம். திரை கறுத்தது. விமானம் மோதி நொறுங்கியதாக ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது. அவள் விரல் ஏழாவது மணியில் நின்றிருந்தது.

"சோறு வைக்கணும்" என்று துப்பட்டாவை அவிழ்த்துவிட்டு எழுந்து போனாள்.

ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டேன். நாலு நிமிடத்தில் அகப்பட்டது. உயரம் காட்டும் முள் கடல் மட்டத்திலிருந்து காட்டும். பெங்களூரே கடலுக்கு மூவாயிரம் அடி மேலே உட்கார்ந்திருக்கிறது. சென்னையில் கழிக்க எதுவும் இல்லை. இங்கே பாதியைக் கழிக்க வேண்டும். ஏரிக்கு மேலே எங்களுக்கு இருந்தது ஆறாயிரம் அடி அல்ல, மூவாயிரம். எட்டே கால் கிலோமீட்டர்தான் வந்திருக்கும்.

தப்பு எங்கே என்று தெரிந்துவிட்டால் எனக்கு நிம்மதி வந்துவிடும். அதே நிம்மதி அவளுக்கும் வரும் என்று காகிதத்தோடு சமையலறைக்குப் போனேன்.

"விமானத்துல ஒரு கோளாறும் இல்ல. ஒரே ஒரு கழித்தல் விட்டுப்போச்சு."

அவள் அரிசி களைந்துகொண்டே கேட்டாள். "நீங்களா விட்டீங்க?"

"ஆமா."

"நாப்பத்தி நாலு வருஷமா பால் கணக்குல பத்து பைசா விட்டதில்ல நீங்க."

"மனுஷன்தானே."

"அதைத்தான் நானும் சொல்றேன். நீங்களே தப்பு பண்ணினீங்கன்னா, மூஞ்சி தெரியாத அந்த பைலட்டு?"

பதில் இருந்தது. பெரிய விமானத்தில் இரண்டு இன்ஜின், இரண்டு விமானி, கீழேயிருந்து பார்த்துச் சொல்ல ஆட்கள். அத்தனையும் சொன்னேன். அவள் குக்கரை மூடினாள்.

மறு ஞாயிறு நாற்காலி காலியாக இருந்தது. எஸ்.பி. ரோட்டில் போய் நிஜ விமானத்தில் இருப்பது போன்ற ஸ்டீயரிங்கும், காலால் மிதிக்கும் பெடலும் வாங்கி வந்தேன். அதே ஏரி, அதே ஆறாயிரம் அடி. இந்த முறை ஜக்கூருக்கு ஐந்து கிலோமீட்டர் இருக்கும்போது அணைத்தேன். பதினேழு முறை பத்திரமாக இறங்கினேன். ஒவ்வொரு முறையும் கூப்பிட்டேன். "இறங்கினது சரி, சாப்பிட வாங்க" என்பாள்.

ஒக்கலிபுரத்திலிருந்து மைத்துனன் வந்தான். அவளுக்குத் தம்பி, கார் வைத்திருக்கிறான், அந்தத் தைரியத்தில் எதுவும் பேசுவான், பாதி கன்னடத்தில். திரையையும் என் காலடியில் இருந்த பெடலையும் பார்த்தான்.

"இன்னா மாமா, பயம் தெளியணும்னு அக்காவுக்கு பேய்ப் படம் போட்டுக் காட்டினீங்களாமே?"

"உனக்கு விவரம் தெரியாது."

"விவரம் பேடா, வேணாம் மாமா. ஒரு மாத்திரை குடுத்துத் தூங்க வெச்சுக் கூட்டிட்டுப் போயிருந்தா ஆய்த்து. இப்போ அவங்களுக்கு உங்களவிட விவரம் தெரியுது."

அது உண்மைதான். டிவியில் விமானம் வந்தால் அவள், "இது எவ்வளவு அடி? ஊரைக் கழிச்சுட்டுச் சொல்லுங்க" என்று கேட்க ஆரம்பித்திருந்தாள். கேலியாகக் கேட்கவில்லை.

ஆனாலும் அக்டோபரில் மகள் இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டி வந்ததும் அவளே, "டிக்கெட் எடுங்க" என்றாள். நவம்பர் மூன்றாம் வாரத்துக்கு இரண்டு டிக்கெட் எடுத்தேன். மகளுக்குக் கருவேப்பிலைப் பொடியும் பிரசவ லேகியமும் எடுத்து வைத்தாள். புறப்படும் காலையில் உள்ளங்கை வேர்த்திருந்தது. ஆனாலும் காரில் ஏறிவிட்டாள். மைத்துனன் ஓட்டினான். மேக்ரி சர்க்கிள் தாண்டும்வரை ஜெபமாலை உருண்டுகொண்டிருந்தது.

ஹெப்பாள் மேம்பாலத்தின் மேல் நெரிசல். வண்டி நின்றது. பக்கத்தில் ஏரி, அதன் ஓரத்தில் அதே ஈரக்கறை படிந்த தூண். அதற்கு மேல் எனக்கு ஜன்னலுக்கு வெளியே பார்க்கத் தோன்றவில்லை, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இங்கதானே விழுந்தோம்?" என்றாள்.

முன்னால் நின்ற பஸ்ஸுக்கு மைத்துனன் ஹாரன் அடித்தான்.

"தம்பி, வண்டியைத் திருப்பு."

"அக்கா, ஃப்ளைஓவர் மேல எங்க திருப்பறது? சும்னிரு. இன்னும் அரை மணி, ஏர்போர்ட்டு. பொண்ணு காத்துனு இருக்கா."

"தெரியும். எனக்குத் தெரியாதா? பெத்தவ நான்தானே." அவள் உள்ளங்கையை முந்தானையில் துடைத்தாள். முந்தானை நனைந்திருந்தது. "முடியலடா."

அவள் கையைப் பிடித்து எல்லாவற்றையும் மறுபடி சொன்னேன். இரண்டு இன்ஜின். இரண்டு விமானி. அவள் முழுதும் கேட்டாள்.

"உங்க ஏரோப்ளேன்லயும் எல்லாம் சரியாத்தாங்க இருந்துச்சு. ஒரு பழுதும் இல்லன்னு நீங்கதானே சொன்னீங்க."

பாலம் இறங்கி அடுத்த திருப்பத்தில் மைத்துனன் திரும்பினான். "மாமா, நீங்களாவது போங்க" என்றான். யோசித்தேன். மகள் கேட்டது என்னை இல்லை. நடுங்குகிறவளைத் தனியே விட்டுப் போகவும் முடியவில்லை. மகளிடம் போனில் சொன்னேன். "பரவால்லப்பா. அம்மாவைத் திட்டாதீங்க" என்றாள்.

பேத்தி டிசம்பரில் பிறந்தாள். அறுவை சிகிச்சை. மருமகன் வந்து சேர ஒரு நாள் ஆயிற்று. அதுவரை மகள் பக்கத்தில் இருந்தது யாரோ ஒரு மலையாள நர்ஸ். தலை சீவிவிட்டதும் அந்தப் பெண்தான் என்று பின்னால் தெரிந்தது. லேகியம் எங்கள் அலமாரியிலேயே பூசணம் பூத்துப்போனது.

அதன் பிறகு மகள் வாங்க என்று கூப்பிடவில்லை. கோபம் இல்லை, வாரா வாரம் போன் செய்வாள், குழந்தையைக் காட்டுவாள். கூப்பிடுவதை மட்டும் விட்டுவிட்டாள். குழந்தை திரையைப் பார்த்துச் சிரிக்கும், கொஞ்ச நேரத்தில் சலித்துப் போய்விடும். போன மாதம் மருமகனுக்குக் கனடாவில் வேலை கிடைத்தது. மஸ்கட் மூன்றரை மணி நேரம். கனடா எத்தனை மணி நேரம் என்று என் மனைவி என்னைக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

விளையாட்டை அழித்துவிட்டேன். ஸ்டீயரிங்கைப் பாதி விலைக்கும் கேட்பார் இல்லை. நேற்று சாப்பிட்டு முடித்ததும் அவள், "இதுக்கெல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு ஆச்சு?" என்று கேட்டாள். கம்ப்யூட்டருக்குப் புதிதாகப் போட்டது 61,400. ஸ்டீயரிங் 18,750. பெடல் 14,200. டிக்கெட் இரண்டும் 43,616; அதில் திரும்பி வந்தது 3,240. தொகையைச் சொன்னேன்.

"சரியா கூட்டினீங்களா?" என்றாள்.

மறுபடி கூட்டினேன். ரூபாய் 1,34,726.