மேலிடத்தின் பசி

கட்டடம் எழும்பிக்கொண்டிருந்த அந்த மனையில் அவரை எல்லோரும் ‘மேலிடம்’ என்றுதான் கூப்பிட்டார்கள். கிரேன் ஓட்டுகிறவர். காலையில் நெட்டுக்குத்தான ஏணியில் ஏறி உச்சிக் கூண்டுக்குள் உட்கார்ந்துவிட்டால் கம்பியானாலும் பலகையானாலும் அவர் மனம் வைத்தால்தான் நகரும். யாராவது அவசரப்படுத்தினால், “எங்க கையில என்ன இருக்கு, மேலிடத்துல கேட்டுத்தான் சொல்லணும்” என்று கீழே இருப்பவர்கள் கேலி பேசுவார்கள். வாக்கி-டாக்கியில் அது அவர் காதிலும் விழும். கோபம் வராது. தன்னையும் நாலு பேர் பேச்சில் வைத்திருக்கிறார்களே என்று இருக்கும்.

மற்ற கிரேன்காரர்கள் மதியச் சாப்பாட்டைக் கையோடு கொண்டுபோய் மேலேயே முடித்துக்கொள்வது வழக்கம். இவர் மட்டும் அந்தக் கனத்த உடம்போடு மூச்சிரைக்க இறங்கி வந்து, தகரக் கொட்டகையில் ஆட்களோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு மறுபடி ஏறுவார். ஏன் இந்தப் பாடு என்று கேட்டால், “தனியா சாப்பிடறதுக்குத்தான் வீடு இருக்கே” என்பார்.

வீட்டில் யாரும் இல்லை. மகளின் பிரசவத்துக்கென்று தொலைவிலுள்ள ஊருக்குப் போன மனைவி, சீக்கிரம் வந்துவிடுவதாகத்தான் சொல்லிவிட்டுப் போனாள். பேரப்பிள்ளை தவழ்ந்து, நடந்து, இப்போது பேசவும் தொடங்கிவிட்டது. சண்டை சச்சரவு ஒன்றுமில்லை. மகளும் மருமகனும் வேலைக்குப் போகிறவர்கள், அங்கே ஒரு ஆள் தேவைப்பட்டது. இங்கேயும் தேவைதான் என்பதை இவர் வாய்விட்டுச் சொன்னதில்லை. சாயங்காலம் வீடு திரும்பியதும் டிவியைப் போட்டுக்கொண்டு, கடையில் வாங்கி வந்ததை எல்லாம் தின்று தீர்ப்பார். கை நிறைய வேலையில்லாத நேரத்தில் வாய்க்காவது வேலை இருக்கட்டுமே. உடம்பு ஏறிக்கொண்டே போனது.

வருடாந்திர உடல் சோதனை முடிந்ததும் பாதுகாப்பு அதிகாரி அவரைத் தனியே அழைத்துக் கதவைச் சாத்தினார்.

“ஏணிக்கும் பெல்ட்டுக்கும் இவ்வளவு எடைதான்னு ஒரு அளவு இருக்கு. நீங்க அதைத் தாண்டிட்டீங்க. அடுத்த சோதனைக்குள்ள குறைச்சிடுங்க. இல்லேன்னா உங்களை மேல அனுப்ப எனக்கு வழியில்ல.”

அதிகாரி திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். அவர் தாழ்ந்த குரலில், தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னதுதான் சுட்டது.

அன்றே மருந்துக்கடையில் ஒரு டப்பா வாங்கினார். தண்ணீரில் கலக்கிக் குடிக்கும் மாவு. மருத்துவரின் மேற்பார்வையில் மட்டுமே என்று அடியில் பொடி எழுத்தில் போட்டிருந்தது. வேளைக்கு ஒரு குவளை என்பதை இவர் நாளுக்கு ஒரு குவளையாக்கினார். கூட ஒரு ஆப்பிள், கறுப்புக் காப்பி, வேண்டிய மட்டும் தண்ணீர். செய்வன திருந்தச் செய் என்று யாரோ சொல்லிக்கொடுத்ததை இந்த விஷயத்தில் பிடித்துக்கொண்டார்.

முதலில் எடை மளமளவென்று இறங்கியது. கால்சட்டை இடுப்பில் நிற்கவில்லை. கீழே நின்று சைகை காட்டி, வாக்கி-டாக்கியில் வழி சொல்லும் சைகைக்காரர் ஒருநாள், “என்ன அண்ணே, பாதி மேலிடம்தான் வந்திருக்கு, மீதியை எங்க விட்டீங்க” என்றார். இவர் அன்று முழுவதும் அந்த வார்த்தையைச் சாக்லேட்டைப் போல வாயில் அடக்கிவைத்துக்கொண்டார்.

ஆனால் கொட்டகையில் உட்கார முடியவில்லை. ஆட்கள் சாப்பாட்டு டப்பாவைத் திறந்ததும் எழும் வாசனையில் வயிறு முறுக்கிக்கொண்டு வந்தது. “ஒரு வாய் எடுத்துக்குங்க” என்று நீட்டுகிற கையை எத்தனை தடவை தட்டுவது? மதியம் இறங்குவதை நிறுத்தினார். கூண்டுக்குள்ளேயே கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். பகலில் மனிதக் குரல் என்றால் இனி வாக்கி-டாக்கியில் வரும் “வலது... இன்னும் வலது... நிறுத்து” மட்டும்தான்.

மாலையில் மனைவி ஃபோனில் கூப்பிடுவாள்.

“என்னங்க, சாப்டீங்களா?”

“ஆச்சு.”

“என்ன செஞ்சீங்க?”

உண்மையைச் சொன்னால் பயப்படுவாள் என்று முதல் பொய்யைச் சொன்னார். கேரட்டும் உருளைக்கிழங்கும் போட்டு ஒரு சூப், கூட முட்டை. அவள் விவரம் கேட்டாள், இவரும் சொன்னார். வெங்காயத்தைப் பொன்னிறமாக வதக்கியது, மிளகைக் கடைசியில் தட்டிப் போட்டது, ரொட்டியை அடுப்பில் வாட்டியது. வெறும் வயிறு பேசப் பேசச் சமையல் நீண்டது. நாளுக்கு நாள் பதார்த்தங்கள் கூடின. ஃபோனை வைக்க மனமே வராது.

“பரவாயில்லையே, நான் இருந்தப்ப தண்ணிகூட சுட வைக்கமாட்டீங்க” என்று சிரித்தாள் அவள். பிறகு ஒருநாள், “நீங்க இப்படிப் பொழங்கக் கத்துக்கிட்டது எவ்வளவு நிம்மதியா இருக்கு தெரியுமா. உங்களை நெனச்சுத்தான் ராத்திரியெல்லாம் உறுத்திட்டே இருந்துச்சு. சரி, பிள்ளை பள்ளிக்கூடம் சேர்ற வரைக்கும் இங்கயே இருந்துடறேன்” என்றாள்.

தன் வாயாலேயே தனக்கு ஆப்பு வைத்துக்கொண்டது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. “இரு, இரு, அதுக்கென்ன” என்றார்.

அதற்குள் எடை இறங்குவதும் நின்றுவிட்டது. தராசு முள் ஆணியடித்தாற்போல ஒரே இடத்தில் நின்றது. குவளையைப் பாதியாக்கினார், ஆப்பிளை நிறுத்தினார். அப்படியும் அசையவில்லை. மற்றவர்கள் வெயிலில் வியர்த்துக்கொண்டிருக்க, இவருக்குக் கூண்டுக்குள் குளிரெடுத்தது. சீப்பில் முடி கொத்தாக வந்தது. முதல் மாடியிலிருந்த வீட்டுக்கு எப்போதும் படியேறிப் போகிறவர், லிஃப்டுக்காகக் காத்து நின்றார். விடுமுறை நாளில் படுக்கையைவிட்டு எழ மனம் வரவில்லை. யார் எது கேட்டாலும் எரிந்து விழத் தோன்றியது. நல்லவேளை, எரிந்து விழப் பக்கத்தில் ஆளில்லை.

ஒரு முற்பகலில் கம்பிக் கட்டு ஒன்றைத் தூக்கித் திருப்பிக்கொண்டிருந்தார். பார்வையின் ஓரங்கள் மங்கின. கீழே நிற்கும் மஞ்சள் தொப்பிகள் ஒன்றோடொன்று கரைந்தன. லீவரைப் பிடித்திருந்த விரல்கள் வேறு யாருடையவோ போலிருந்தன.

“தம்பி, கீழ யாரும் இல்லாத எடமாப் பாத்து சொல்லு. எறக்கப் போறேன்.”

சைகைக்காரருக்குக் குரலிலேயே புரிந்துவிட்டது. ஏன் என்று கேட்கவில்லை. ஆட்களை விரட்டி மணல் கொட்டியிருந்த பக்கத்தைக் காலி செய்துவிட்டு, பதறாமல் வழி சொன்னார். கட்டு மணலில் அமர்ந்தது. அதுவரைதான் அவருக்குத் தெம்பு. அப்படியே இருக்கையில் சரிந்தார்.

பிறகு கண்ணைத் திறந்தபோது, ஒருவர் மட்டுமே உட்காரக்கூடிய கூண்டுக்குள் சைகைக்காரர் மண்டியிட்டிருந்தார். உயரம் என்றாலே ஆகாத மனிதர். இத்தனை வருடத்தில் ஏணியில் கால் வைக்காதவர். முகமெல்லாம் வெளிறி, கையில் ஒரு பிஸ்கட் பொட்டலமும் இனிப்பு டீயும்.

“கீழ மட்டும் பாக்க வெக்காதீங்க அண்ணே. இதைச் சாப்பிடுங்க மொதல்ல.”

“வேணாம்பா, எடை...”

“எடையைப் பத்தி கீழ போய் பேசிக்கலாம். கீழ போகணும்ல?”

சாப்பிட்டார். மெல்லமெல்ல, கண்ணீர் தாடைவரை வழிய, பொட்டலம் முழுவதையும் சாப்பிட்டார். சைகைக்காரர் எதையும் கவனிக்காதவர் போல லீவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மீட்புக் குழு வந்து இருவரையுமே கயிறு கட்டித்தான் இறக்கியது.

மருத்துவமனையில் நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் ரொம்பவும் தாழ்ந்திருப்பதாகச் சொல்லிப் படுக்க வைத்தார்கள். உணவு ஆலோசகர் ஒரு இளம்பெண். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டாள்.

“அவ்வளவு பட்டினி கெடந்தும் ஏம்மா எடை எறங்கல?”

“நீங்க எடை குறைக்கணும்னு நெனச்சீங்க சார். உங்க உடம்பு பஞ்சம் வந்துடுச்சுன்னு நெனச்சுக்கிச்சு. மொதல்ல சரசரன்னு எறங்கினதுல பெரும்பங்கு தண்ணி. அப்புறம் கொழுப்போட சேத்து தசையையும் கரைச்சிருக்கு. ஆளு சின்னதானா சக்திச் செலவு குறையத்தான் செய்யும். ஆனா உடம்பு அதுக்கும் மேல இழுத்துப் பிடிக்கும். சூடு குறையும், நடமாட்டம் குறையும். உங்களுக்கே தெரியாம நீங்க அசையறதையே நிறுத்தியிருப்பீங்க.”

லிஃப்டுக்காக நின்றது அவர் ஞாபகத்துக்கு வந்தது.

“இந்த மாவைத் தப்புன்னு சொல்லல. டாக்டர் பக்கத்துல இருந்து பாத்துப் பாத்துக் குடுக்கறதுண்டு. நீங்க துணைக்கு ஒருத்தரும் இல்லாம எறங்கிட்டீங்க.”

“துணை இல்லாமத்தான்” என்றார் அவர்.

அன்று மாலை மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். சூப் இல்லை, முட்டை இல்லை, வாட்டிய ரொட்டி இல்லை.

“பொன்னிறமா வதக்கினேன்னு சொன்னீங்களே” என்றாள் அவள். குரல் உடைந்திருந்தது.

ஓடோடி வந்தாள். வாடி வற்றிய அவர் முகத்தைத் தடவிப் பார்த்தாள். வேளாவேளைக்குச் சமைத்துப் போட்டாள். போகாதே என்று சொல்ல அவர் இரண்டு முறை வாயெடுத்தார். இரண்டு முறையும் மகளிடமிருந்து ஃபோன் வந்தது, பின்னணியில் குழந்தையின் அழுகையோடு. ரயிலேற்றிவிட்டுத் திரும்பியபோது வீட்டில் அவள் கழுவிக் கவிழ்த்த பாத்திரங்களிலிருந்து தண்ணீர் இன்னும் வடிந்துகொண்டிருந்தது.

மேலே போக அனுமதி இல்லாததால் பண்டகசாலையில் போட்டார்கள். சொன்னபடி ஒழுங்காகச் சாப்பிட ஆரம்பித்ததும் எடை ஏறிவிட்டது. பதறிப்போய் ஆலோசகரிடம் ஓடினார். வற்றிய தண்ணீர் திரும்புகிறது, பொறுங்கள் என்றாள் அவள். நடக்கச் சொன்னாள், தண்ணீர் கேன்களைத் தூக்கி இறக்கச் சொன்னாள், பருப்பும் முட்டையும் தவறக் கூடாது என்றாள். எடை வெகுகாலம் ஏறாமல் இறங்காமல் நின்றது. பிறகு ஆமை வேகத்தில் இறங்கியது. “உங்க உடம்பு இன்னும் கொஞ்ச காலத்துக்குச் சிக்கனமாத்தான் இருக்கும் சார். எவ்வளவு நாளைக்குன்னு என்னால உறுதியா சொல்ல முடியாது” என்றாள். மழுப்பாமல் சொன்னது அவருக்குப் பிடித்திருந்தது.

குளிர் விட்டது. முடி கொட்டுவது நின்றது. ஒருவழியாக அவர் அளவுக்குள் வந்தபோது அந்தக் கட்டடமே முடிந்து, கிரேனைக் கழற்றிக் கொண்டுபோயிருந்தார்கள். சைகைக்காரரை நிறுவனம் வேறொரு மனைக்கு மாற்றிவிட்டது. அவ்வப்போது ஃபோனில், “மேலிடம் சௌக்கியமா?” என்று கேட்பார்.

இவருக்குப் புது மனை, புது கிரேன். முதல் நாள் மதியம் ஏணியில் இறங்கி, அங்கிருந்த கொட்டகைக்குச் சாப்பாட்டு டப்பாவோடு போனார். ஒரு முகமும் தெரிந்ததாக இல்லை. ஓரத்து பெஞ்சில் உட்கார்ந்தார். பக்கத்திலிருந்தவர் பேச்சை நிறுத்தாமலே சற்று நகர்ந்து இடம் விட்டார். மூடியைத் திறந்து, மென்று, நிதானமாகச் சாப்பிட்டார்.