பார்த்தால் எரியும் ஜன்னல்

பஞ்சு. பிறந்த ஆண்டு 2003. ஓவியக் கல்லூரியில் இறுதியாண்டு மாணவி. அருகில் வந்து நின்றாலும் தெரியாத அளவுக்கு ஓசையின்றி நடப்பதால் வகுப்புத் தோழர்கள் வைத்த பெயர் அது; நாளடைவில் ஆசிரியர்களும் அவ்வாறே அழைக்கலாயினர். உறவென்று சொல்லத் தாய் ஒருவரே. அவர் வேறோர் ஊரில், பேருந்து நிலையத்தின் பின்தெருவில், பழைய உடைகளை அளவு மாற்றித் தைத்துக் கொடுக்கும் சிறு கடை வைத்திருக்கிறார்.

பஞ்சு தங்கியிருந்தது மூன்றாம் மாடியில் ஓர் ஒற்றை அறை. ஒரு கட்டில், ஒரு மேசை, வண்ணம் கரைக்கும் டர்பன்டைனின் போகாத வாடை. ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்தின் பின்சுவர். அந்தச் சுவரில் ஒரே ஒரு ஜன்னல் உண்டு. அதில் விளக்கு எரிந்தால் யாரோ வந்துவிட்டார் என்று பொருள், அணைந்தால் போய்விட்டார். அந்த ஆளை அவள் ஒரு நாளும் கண்டதில்லை. அந்த வெளிச்சத்தை வரைய முயன்று கித்தான்களைப் பாழாக்கியதுதான் மிச்சம். எரியும் ஜன்னல் தூரிகைக்கு வசப்பட்டது. இருண்ட ஜன்னலும் வசப்பட்டது. எரிந்து அணைவது மட்டும் பிடிபடவில்லை.

அதற்கு வழியுண்டா என்று இணையத்தில் தேடப் போனவள், கணினி நிரல் எழுதிப் படம் வரைபவர்களின் குழு ஒன்றில் போய் விழுந்தாள். அங்கே ஒருவர் வைத்திருந்த கடல், அன்றன்று வீசும் காற்றின் வேகத்திற்கேற்ப அலை அடித்தது. மற்றொருவரின் மரம், பார்ப்பவர் பேசினால் இலை உதிர்த்தது. ஓவியம் என்பது காய்ந்த பிறகு அசையாது என்று அதுவரை நம்பியிருந்த பஞ்சு, கையில் இருந்த தேநீர் ஆறிப்போகும்வரை அந்த மரத்துடன் பேசிக்கொண்டிருந்தாள். பேசுவதற்கு வேறு ஆளில்லை என்பதும் ஒரு காரணம்.

அக்குழுவில் ஒரு வழக்கம் இருந்தது. யாருடைய நிரலையும் யாரும் எடுத்துக்கொள்ளலாம்; ஆனால் ஏதேனும் ஒரு மாற்றம் செய்து, மாற்றியவர் பெயரைக் கீழே எழுதித் திருப்பி வைக்க வேண்டும். பஞ்சு அந்தக் கடலை எடுத்து, அதில் ஒரு படகை மிதக்கவிட்டுத் திருப்பி வைத்தாள். ‘நல்ல படகு’ என்று யாரோ ஒருவர் எழுதினார். அதைப் பலமுறை படித்தாள்.

படகு மிதக்கும் அந்தக் கடலைப் பேராசிரியரிடமும் ஒருமுறை காட்டினாள்.

“கரண்ட் போனா உன் ஓவியமும் போயிடுமேம்மா?” என்றார் அவர். வகுப்பு சிரித்தது. பஞ்சு கைபேசியை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டாள்.

பிறகு அவள் அந்த எதிர் ஜன்னலை நிரலாக எழுதினாள். பழுப்புச் சுவர், சிவப்புத் திரைச்சீலை, உள்ளே ஒரு விளக்கு. உலகின் எந்த மூலையிலிருந்தாவது ஒருவர் அந்தப் பக்கத்தைத் திறந்தால் விளக்கு எரியும். பார்ப்பவர் எவரும் இல்லையெனில் இருள். குழுவில் வைத்தாள். யாரும் எடுக்கவில்லை, யாரும் ஒரு வரிகூட எழுதவில்லை. ஆயினும் அவள் எப்போது திறந்து பார்த்தாலும் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. யாரோ ஒருவர் அங்கே இருக்கிறார்! அந்த வெளிச்சத்தை எதிரில் வைத்துக்கொண்டே சாப்பிட்டாள். சில நாட்களில், “நான் கிளம்பறேன்” என்று அதனிடம் சொல்லிவிட்டுக் கல்லூரிக்குப் போனாள். இறுதித் தேர்வுக்கும் அதையே கொடுப்பது என்று முடிவு செய்தாள்.

கணினி அறையில் அதைப் பார்த்தவன் சோடாபுட்டி. தடித்த கண்ணாடி அணிந்த வகுப்புத் தோழன். நிரலை மேலும் கீழும் நகர்த்திப் பார்த்துவிட்டுக் கேட்டான்.

“பஞ்சு, இதை எப்பவும் பார்க்கிற அந்த ஒரு ஆளு யாரு தெரியுமா?”

“யாரு?”

“நீதான். நீ எட்டிப் பார்த்தா உன்னையும் சேர்த்து எண்ணிக்குது. நாடகம் போட்டவரே டிக்கெட் வாங்கி முன்வரிசையில உக்காந்த மாதிரி இருக்கு.”

அவள் நிரலில் அந்த வரியைத் தேடத் தொடங்கினாள்.

“விட்டுடேன். நல்லாத்தானே எரியுது? யாருக்குத் தெரியப் போகுது?”

“எனக்குத் தெரியுமே.”

அன்றே தன் கணினியையும் கைபேசியையும் பார்ப்பவர் கணக்கிலிருந்து நீக்கினாள். ஜன்னல் இருண்டது. மறுநாளும் இருண்டிருந்தது. அந்த வாரம் முழுவதும் அவள் சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டாள்.

தேர்வு நாளன்று பேராசிரியர் முன் இருண்ட திரையை வைத்தாள்.

“என்னம்மா, கரண்ட் போயிடுச்சா?”

“யாரும் பார்க்கலை சார். அதான்.”

அவர் தம் கைபேசியில் அந்தப் பக்கத்தைத் திறந்தார். “எனக்கு எரியுதே! என்ன குறை?”

அவளுடைய திரையிலும் விளக்கு எரிந்தது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது: வருகிறவர் எவருக்கும் அந்த ஜன்னல் எரிந்தபடியேதான் தெரியும். அதன் இருளைக் காணக்கூடியவள் உலகில் அவள் ஒருத்தி மட்டுமே. பேராசிரியர் தேர்ச்சிக்குரிய மதிப்பெண்ணைப் போட்டுவிட்டுக் கைபேசியைச் சட்டைப் பையில் வைத்தார். விளக்கு அணைந்தது.

அறைக்குத் திரும்பியவள், விளக்கம் ஏதும் எழுதாமல் அந்தப் பக்கத்தைத் தாய்க்கு அனுப்பினாள். மறுநாள் காலை அழைப்பு வந்தது.

“ஏண்டி, விடிஞ்சு இவ்வளவு நேரமாச்சு, லைட்டை அணைக்க மாட்டியா?”

“எந்த லைட்டும்மா?”

“உன் ரூம் ஜன்னலை அனுப்பியிருக்கியே, அதான்.”

“அது என் ரூம் இல்லம்மா. நான் பண்ணின படம். நீ பார்த்தா எரியும், மூடினா அணைஞ்சிடும்.”

மறுமுனையில் தையல் இயந்திரத்தின் ஓசை நின்றது.

“அப்ப நான் பார்க்காத நேரமெல்லாம் நீ இருட்டையா பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கே?”

பஞ்சு கைபேசியை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

“சரி, அந்தத் திரைச்சீலையை யாரு தைச்சா? கீழ்மடிப்பு ஒரு பக்கம் ஏறிக்கிட்டு, ஒரு பக்கம் தொங்குது. தையல்காரி பொண்ணுன்னு வெளியில சொல்லிடாத, என் பொழப்பு போயிடும்.”

அதன் பின் அந்த ஜன்னல், தாய் கடையை அடைக்கும் நேரத்தில் சிறிது எரிந்து அணைகிறது. மற்ற நேரங்களில் இருள்தான். குழுவில் அதை எடுப்பார் இன்னும் இல்லை.

பஞ்சு கடைசியாக அந்த நிரலில் கை வைத்தது 2025 ஆகஸ்ட் 9 அன்று. திரைச்சீலையின் கீழ்மடிப்பை நேராக்கி, மாற்றியவர் பெயர் என்ற இடத்தில் ‘அம்மா’ என்று எழுதிக் குழுவில் திருப்பி வைத்தாள்.