இரண்டு அங்குலம் உயர்த்திய பேச்சு

தோற்ற மேடைகளை நான் எப்போதோ மறந்துவிட்டேன். வென்ற ஒரு மேடையை மட்டும் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. அது மேடைகூட அல்ல. சாரம் பகுதியில் இருந்த எங்கள் வீட்டுக் கூடம்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. எந்தக் கருத்து வேறுபாடும் ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பின் பட்டிமன்றமாகிவிடும். ஃப்ரிட்ஜ் எந்த மூலையில் நிற்க வேண்டும் என்பதுகூட அப்படித்தான் முடிவானது. அப்பா நடுவர். ஆளுக்கு மூன்று நிமிடம். முடிந்ததும் டம்ளரில் கரண்டியால் தட்டுவார். தீர்ப்புக்கு மேல்முறையீடு கிடையாது. பத்து வயதில் நான் பேசக் கற்றது அங்கேதான். நான் வென்ற அன்றைய வழக்கு, எங்கள் காரின் உயரம்.

சிறுவயதில் வந்த ஒரு காய்ச்சலுக்குப் பிறகு அக்காவின் கால்கள் இயங்கவில்லை. கல்லூரிக்குத் தினமும் காரில்தான் போவாள். அப்பா அவளைச் சக்கர நாற்காலியிலிருந்து இரு கைகளிலும் அள்ளித் தூக்கி முன்னிருக்கையில் அமர்த்துவார். "பெத்தவன்னா இவரு மாதிரி இருக்கணும்" என்று எதிர்வீட்டு அம்மாள் தெருவுக்கே கேட்கச் சொல்வார். அப்பாவின் தலை நிமிரும். அக்கா கண்களை மூடிக்கொள்வாள்.

சித்தப்பா தட்டாஞ்சாவடியில் ஒரு பட்டறையில் கார் மெக்கானிக். எங்கள் காரின் ஷாக் அப்சார்பர்கள் எண்ணெய் கசிந்து ஓய்ந்தபோது, "நல்லதா பாத்து நீயே போட்டுடுடா" என்று அப்பா அவரிடம் ஒப்படைத்தார். இரண்டு மாதம் விசாரித்து அவர் கொண்டுவந்தது காயில்ஓவர். ஷாக் அப்சார்பரும் அதைச் சுற்றிய சுருள்வில்லும் சேர்ந்த ஒரே உருப்படி. மரையைத் திருகினால் வண்டி உயரும், தாழும். உச்சியிலுள்ள குமிழைத் திருப்பினால் ஓட்டம் இறுகும், இளகும். கடற்காற்றில் துருப்பிடிக்காத பூச்சு கொண்டதாகத் தேடி எடுத்திருந்தார். மட்டமான சரக்கைத் தொடவே இல்லை.

"மட்டமானதுல வண்டிய எறக்குனா ஷாக்கு அமுங்க எடமே இருக்காதுண்ணா. அப்புறம் கல்லு மேல ஒக்காந்து போற மாதிரிதான். இது இன்னா ரேஸுக்கா போவுது? தெனம் ஓடுற வண்டி" என்றார்.

பூட்டிய அன்று மாலை அக்காவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தெருத்தெருவாக ஓட்டினார். பின்னிருக்கையில் நான். பள்ளம் தாண்டியதும் நிறுத்துவார்; இறங்கிக் குமிழை ஒரு சொடுக்குத் திருப்புவார்.

"இப்ப இன்னா சொல்லுது ஒன் முதுகு?"

"இன்னும் ஒரு திருப்பு இளக்குங்க சித்தப்பா."

கடைசியில் முதுகு ஒத்துக்கொண்டது. பூட்டும்போதே அவர் மரையைத் திருகி இறக்கியிருந்ததால் வண்டி முன்னைவிட இரண்டு அங்குலம் தாழ்ந்திருந்தது.

மறுநாள் காலை அப்பா கைகளை நீட்டியபடி வந்தார். அதற்குள் அக்கா நாற்காலியைக் கதவோரம் ஒட்டி நிறுத்தி, இருக்கையில் ஒரு கையை ஊன்றி, கால்களை மறுகையால் இழுத்துக்கொண்டு, தானே உள்ளே நகர்ந்துவிட்டாள். நாற்காலியும் இருக்கையும் ஒரே மட்டத்தில் இருந்தன. நீட்டிய கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் அப்பா கார்க் கண்ணாடியைத் துடைத்தார். நான் அங்கேதான் நின்றிருந்தேன். கண்ணால் பார்த்தேன். பார்த்தும் அதை ஒரு பொருட்டாகக் கருதவில்லை என்பதே என்மீதான முதல் குற்றச்சாட்டு.

அந்த வாரம், ஒரு கல்யாணத்துக்குப் போகிற வழியில் என்னைப் பள்ளியில் இறக்கிவிட, ஐந்து பேரும் காரில் நெருக்கியடித்துப் போனோம். பள்ளி வாசல் வேகத்தடையில் காரின் அடிவயிறு உரசிற்று. ஒரே ஒரு முறை. "ஐயோ, ஒங்க காரு தவழுதுடி!" என்று என் வகுப்புக்காரி கூவினாள். எனக்கு ரத்தம் கொதித்தது. ஒரு முழு வழக்கைக் கட்டுவதற்கு எனக்கு அந்த ஓர் உரசலே போதுமானதாக இருந்தது.

"நடுவர் அவர்களே!" என்று ஞாயிறன்று முழங்கினேன். "எவருடைய அழகு ஆசைக்காக என் அக்காவின் முதுகெலும்பு பணயம் வைக்கப்பட்டிருக்கிறது?" அம்மா முந்தானையால் கண்களைத் துடைத்தாள். அது எனக்குக் கிடைத்த கைதட்டல்.

சித்தப்பா எழுந்தார். அக்காவைப் பார்த்தார். அப்பாவை ஓரக்கண்ணால் காட்டி, சொல்ல வேண்டாம் என்று அக்கா தலையசைத்தாள். "கீழ இருந்தா பாக்க ஷோக்கா இருக்கும்ண்ணா. அவ்ளோதான்" என்று சொல்லிவிட்டு அவர் உட்கார்ந்தார்.

"ஒப்புக்கொண்டார்! அவரே ஒப்புக்கொண்டார்!" என்று பாய்ந்தேன்.

அப்போது அக்கா, "நான் ஒண்ணு சொல்லட்டாப்பா?" என்றாள். மிகத் தாழ்ந்த குரல்.

"ஒனக்காகத்தானே நான் பேசினு இருக்கேன்!" என்று நான் அவளை அடக்கினேன். எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தபடியே டம்ளரைத் தட்டினார். அக்காவின் மூன்று நிமிடம் தொடங்கும் முன்பே முடிந்துபோயிற்று.

வண்டியைப் பழைய உயரத்துக்கே ஏற்ற வேண்டும் என்பது தீர்ப்பு. சொன்னபோது அப்பாவின் குரலில் அப்படியொரு நிம்மதி. நடுவரே வழக்கில் ஒரு கட்சிக்காரர் என்பதை அந்தக் கூடத்தில் எவர் எழுந்து கேட்டார்? எவரும் இல்லை. கேட்டிருக்க வேண்டியவள் வெற்றிக் களிப்பில் இருந்தாள்.

மாலையே சித்தப்பா மரையைத் திருகி வண்டியை உயர்த்தினார். திங்கள் காலை அப்பா அக்காவை அள்ளித் தூக்கினார். எதிர்வீட்டு அம்மாள் சொல்ல வேண்டியதைச் சொன்னார். இருக்கையில் அமர்ந்த பின் அக்கா என்னைப் பார்த்து, "நல்லா பேசினடி" என்றாள். அதை நான் வகுப்பு முழுவதும் சொல்லித் திரிந்தேன்.

அதன்பின் எந்த ஞாயிற்றுக்கிழமையும் அக்கா பேச நேரம் கேட்கவில்லை. தன் பக்கம் வாதாட நான் ஒருத்தி இருக்கிறேன் என்ற தைரியம்தான் காரணம் என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன்.