ஒத்திகையில் காயம்பட்டவன்

எல்லையில் சண்டை நடந்துகொண்டிருந்த கோடையில், சித்தூரில் நான் வேலை செய்யும் மாங்காய் மண்டியில் நடந்தது இது. நான் லாரிகளில் பெட்டி ஏற்றுகிறேன். என் மனைவி அங்கேயே காய் பிரிக்கிறாள். பள்ளி விடுமுறை என்பதால் எட்டு வயது மகளும் எங்களோடு வந்துவிடுவாள்.

நான் ஐந்தாவதோடு படிப்பை நிறுத்தியவன். நாலு பேர் எதிரில் எனக்குப் பேச வராது. தனியாக உட்கார்ந்து எழுதினால் கொஞ்சம் வரும்.

அந்த நாட்களில் பிள்ளை செல்போனில் சண்டைப் படங்களைப் பார்த்துப் பார்த்துப் பயந்துபோயிருந்தாள். ரேணிகுண்டா ஏர்போர்ட்டுக்குப் போகிற விமானம் இரைந்தால்கூட கட்டிலுக்கு அடியில் புகுந்துகொள்வாள். விமானத் தாக்குதல் ஒத்திகை நடத்தப்போவதாக ஒரு நாள் முன்னதாகவே அதிகாரிகள் மண்டிக்கு வந்து சொன்னார்கள். சைரன் ஊதினால் குப்புறப் படுத்துக் காதைப் பொத்திக்கொள்ள வேண்டும், இரண்டாவது சைரன் ஊதும்வரை எழக் கூடாது என்றார்கள். அன்று ராத்திரி வீட்டில் அவள் அதையே பலமுறை செய்து பார்த்தாள்.

மறுநாள் மதியம், காயம்பட்டவர்களாக நடிக்கப் பத்துப் பேர் வேண்டும் என்றார்கள். பலர் நழுவிவிட்டார்கள். எனக்கு முடியாது என்று சொல்லத் தெரியவில்லை.

"மாமாவுக்குச் சரியான வேஷம்டா! வாயே தொறக்க வேணாம்" என்று கூட வேலை செய்கிற பையன்கள் சிரித்தார்கள்.

தலையில் சிவப்புச் சாயத்தை ஊற்றிக் கட்டுப் போட்டார்கள். கண்ணைத் திறக்கக் கூடாது, பேசக் கூடாது என்று ஓர் அதிகாரி கண்டிப்பாகச் சொன்னார். பின்பக்கக் கொட்டகையில் இருந்த மனைவியிடமும் பிள்ளையிடமும் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். முகத்தில் சாயத்தோடு அத்தனை பேர் நடுவில் நடந்துபோகக் கூச்சப்பட்டு, போகாமலே இருந்துவிட்டேன்.

சைரன் ஊதியது. ஒத்திகைக்காக மூட்டிய வைக்கோல் புகை மூக்கில் ஏறியது. லாரிகளின் இஞ்சின்கள் எல்லாம் நின்றன. என்னை ஸ்ட்ரெச்சரில் வைத்துத் தூக்கினார்கள். அப்போதுதான் என் மகளின் குரல் கேட்டது.

"நைனா!"

மறுபடியும், இன்னும் பக்கத்தில். "எங்க நைனாவுக்கு ரத்தம் வருது! நைனா, கண்ணு தொற நைனா!"

"தள்ளிப் போ பாப்பா" என்று யாரோ அவளை விலக்கினார்கள்.

என் இமை துடித்தது. 'ஒண்ணுமில்லம்மா' என்று சொன்னால் போதும். ஆனால் சுற்றிலும் செல்போனில் படம் பிடிக்கிறார்கள், அதிகாரிகள் நிற்கிறார்கள். நான் வாயைத் திறந்தால் எல்லாம் கெட்டுவிடும், எல்லோரும் சிரிப்பார்கள். யாராவது அவளிடம் சொல்லிவிடுவார்கள் என்று நினைத்துக் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். ஆம்புலன்ஸ் கதவு சாத்தப்பட்டது.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தபோது இரண்டாவது சைரன் ஊதி முடிந்திருந்தது. நிறுத்தி வைத்த லாரிகள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு கிளம்பப் பார்த்தன. மனைவி எதிரில் ஓடி வந்தாள்.

"பாப்பா எங்க?"

"உன்னாண்ட இல்லியா?"

"உன் பின்னாலயே அழுதுக்கினு ஓடிச்சே! நீ போன வண்டியில ஏறிட்டாளோன்னு இல்ல நெனச்சினு இருக்கேன்!"

ஓடி ஓடித் தேடினேன். கொட்டகையில் இல்லை. தண்ணீர்த் தொட்டியடியில் இல்லை. வாசலைத் தாண்டினால் பெரிய ரோடு. நான் கத்தியது இஞ்சின் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை. ஓர் அதிகாரி மைக் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார். அவர் கையிலிருந்து மைக்கை எப்படிப் பிடுங்கினேன் என்று இன்றுவரை நினைவில்லை.

"ஆபண்டி! பண்டி தீயொத்து! யாரும் வண்டி எடுக்காதீங்க! எம் பொண்ணக் காணோம்!"

தெலுங்கிலும் தமிழிலும் மாற்றி மாற்றிக் கத்தினேன். ஒவ்வொன்றாக இஞ்சின்கள் நின்றன. "பாப்பா! நைனா கூப்புடறேம்மா!" பதில் இல்லை. அத்தனை பெரிய மண்டியில் ஒரு சத்தமும் இல்லை.

பிறகு ஒரு கிளீனர் அலறினான். "இக்கட உந்தி! இங்க இருக்குது பாப்பா!"

லோடு ஏற்றிய லாரிக்கு அடியில், பின் சக்கரத்துக்கு முன்னால் ஒரு சாண் தள்ளிக் குப்புறப் படுத்திருந்தாள். ராத்திரி வீட்டில் செய்து பார்த்தபடியே கண்ணை மூடி, இரண்டு காதிலும் விரலை அழுத்திச் செருகியிருந்தாள். இரண்டாவது சைரனும் கேட்கவில்லை, நான் கூப்பிட்டதும் கேட்கவில்லை. டிரைவர் இறங்கி வந்தார். "கியர் போட்டுட்டேன்பா. உன் கொரல் கேட்டுத்தான் நிறுத்தினேன்."

ஊர்ந்து உள்ளே போய் அவள் விரல்களைப் பிரித்தேன். என் தலையைப் பார்த்ததும் வீறிட்டாள். கட்டைப் பிய்த்து எறிந்தேன். "சாயம்மா. வெறும் சாயம். தொட்டுப் பாரு."

தொட்டுப் பார்த்தாள். தன் விரலையும் பார்த்தாள். பிறகு என் நெஞ்சில் ஓங்கி அடித்தாள்.

"நான் கூப்புட்டது கேக்கலியா?"

கேட்கவில்லை என்று பொய் சொல்லியிருக்கலாம். "கேட்டுச்சும்மா" என்றேன்.

"அப்புறம் ஏன் கண்ணு தொறக்கல?"

சாயங்காலம் ஓர் அதிகாரி, அசையாமல் நடித்ததற்காக என்னைப் பாராட்டிக் கை கொடுத்தார். நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அவள் கேட்டதற்கு இன்னும் நான் பதில் சொல்லவில்லை. ஆனால் இப்போதெல்லாம் அவள் கூப்பிட்டால், எதிரில் எத்தனை பேர் நின்றாலும், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சத்தமாகவே 'என்னம்மா' என்கிறேன்.