தண்ணீரையும் எண்ணும் பெட்டி

காற்றில் தூசு எவ்வளவு என்று அளந்து கொடுப்பது என் பிழைப்பு. இந்த வேலையில் என்னை முகம் மலர்ந்து வரவேற்றவர் யாருமில்லை. புகார் கொடுத்தவருக்கு நான் விலை போனவன். புகாருக்கு ஆளானவருக்கு வயிற்றில் அடிக்க வந்தவன். எனக்கும் அவர்கள் மேல் பெரிய பாசம் கிடையாது.

போன சித்திரையில் பாப்பிரெட்டிப்பட்டிக்கு வெளியே, ஜல்லி உடைக்கும் கிரஷருக்கு எதிர் வீட்டு மொட்டைமாடியில் தூசு அளக்கும் பெட்டியை வைத்தேன். அந்த வீட்டுப் பெண்தான் புகார் எழுதியவர். அவருடைய ஏழு வயது மகளுக்கு ஓயாத மூச்சிரைப்பு. அளக்க ஒரே ஒரு நாள்தான் உத்தரவு. அன்றைய அளவு வரம்பைத் தாண்டினால் கிரஷருக்கு நோட்டீஸ் போகும். தாண்டாவிட்டால் புகார் குப்பைக்குப் போகும்.

பெட்டி காற்றை உறிஞ்சி லேசர் ஒளிக்குக் குறுக்கே விடும். துகள் பட்டால் ஒளி சிதறும். சிதறுவதை வைத்துக் கணக்குப் போடும். வந்தது கல்தூளா நீர்த்துளியா என்று அதற்குத் தெரியாது. அதனால் காற்றை முதலில் உலர்த்துவதற்குச் சூடாகும் குழாய் ஒன்று உண்டு. அதை ஓடவிட்டால் பேட்டரி அரை நாள்கூடத் தாங்காது.

"எங்கூட்டுல கரண்ட் எடுத்துக்குங்க சார்" என்று அந்தப் பெண் ஒயரைக் கொண்டுவந்து நீட்டினார்.

புகார்காரர் வீட்டு மின்சாரத்தை எடுத்தால் நாளை அதையே பிடித்துக்கொண்டு ஆடுவார்கள் என்று மறுத்தேன். மாடி அவருடையதாம், கரண்ட் மட்டும் வேண்டாமாம். அப்படியொரு நேர்மை எனக்கு. சித்திரை வெயிலில் ஈரம் எங்கிருந்து வரப்போகிறது என்று குழாயை அணைத்து வைத்தேன். என் மேதாவித்தனத்தில் இடி விழ.

பத்து மணிக்குக் கிரஷர் மேனேஜர் வந்து, கீழே நின்றபடியே கேட்டார். "யாரக் கேட்டு இங்க மிஷின் வெச்சீங்க?"

உத்தரவைக் காட்டினேன். படிக்காமலே திருப்பிக் கொடுத்தார். "அளந்துக்குங்க. நல்லா அளந்துக்குங்க" என்று போனவர், அரை மணி நேரத்தில் தண்ணீர் டேங்கரோடு திரும்பினார். ரோடு, ஜல்லிக் குவியல், வேலி என்று எல்லா இடத்திலும் ஹோஸில் பீய்ச்சி அடித்தார்கள். ஒரு நாளும் சொட்டுத் தண்ணீர் தெளிக்காதவர்கள் என்று அந்தப் பெண் பல்லைக் கடித்தார்.

பெட்டியில் எண் ஏற ஆரம்பித்தது. எண்ணைக் குறைக்கத்தான் அந்த மனிதர் அவ்வளவு தண்ணீரைக் கொட்டினார். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. தண்ணீருக்கும் அடங்காத தூசு என்று நினைத்து எனக்கு உள்ளுக்குள் அப்படியொரு குரூர சந்தோஷம்.

"தாண்டிருச்சுங்களா?" என்று கேட்டார் அந்தப் பெண். மகள் அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"தாண்டியாச்சு" என்றேன். நாக்கைக் கடித்துக்கொண்டிருந்திருக்கலாம்.

பெட்டியின் வாயைத் துடைக்கப் போனபோது விரல் நனைந்தது. ஹோஸிலிருந்து கிளம்பிய சாரல் மாடிவரை வந்திருக்கிறது. காலையிலிருந்து நான் ரசித்துப் பார்த்த எண்ணில் தூசு எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல ஆண்டவனாலும் முடியாது.

வாயை மூடிக்கொண்டு அப்படியே அனுப்பியிருக்கலாம். அனுப்பத்தான் ஆசை. ஆனால் மேனேஜர் தண்ணீர் அடித்ததற்கு ஊரே சாட்சி. முதல் விசாரணையிலேயே அறிக்கை கிழிந்துவிடும். 'நீர்த்துளி கலந்ததால் இன்றைய அளவு செல்லாது' என்று எழுதினேன். மேனேஜர் அதைக் கேட்டுச் சிரித்தார். "தூசு பறக்கக் கூடாதுன்னு தண்ணி தெளிச்சா தப்புங்களா சார்?" அவரை அறைய வேண்டும் போலிருந்தது.

பிறகு அந்தப் பெண்ணிடம் போய்ச் சொன்னேன். மறுபடியும் மனு போட வேண்டும், எப்போது ஆள் வருவார்கள் என்று தெரியாது என்றேன். அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது பேசித் தப்பித்திருப்பேன்.

"இனிமே மூச்சு வாங்காது, கிரஷர மூடிருவாங்கன்னு காலையிலிருந்து குதிச்சுக்கிட்டு இருக்கா. என்னால சொல்ல முடியாது. நீங்களே உள்ள வந்து அவகிட்ட சொல்லிட்டுப் போங்க சார்."

நான் உள்ளே போகவில்லை. பெட்டியை வண்டியில் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.