கறுப்புத் திரையும் சிவப்பு எழுத்தும்

மவுஸைப் பிடித்தால் உத்தியோகம், கறுப்புத் திரையைத் திறந்து கட்டளை தட்டினால் குற்றம்: தொழிற்சாலையில் கம்ப்யூட்டர் சப்போர்ட் வேலை என்பது இவ்வளவுதான். ஒரகடத்தில் காருக்கு உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் பல வருஷமாக இந்த வேலையில் இருக்கிறேன். படப்பையிலிருந்து ஷேர் ஆட்டோவில் நசுங்கி வந்து இறங்கும்போதே, "மேடம், சிஸ்டம் ஹேங்" என்று யாராவது கேட்டில் காத்திருப்பார்கள். என்னைப் போலவே மாட்டிக்கொண்ட சக சப்போர்ட்காரர்களே, நீங்களாவது கேளுங்கள்.

ஃபோட்டோவுக்குப் பெயர் மாற்றிய குற்றம்

சேர்ந்த புதிதில் குவாலிட்டி பிரிவிலிருந்து ஒரு ஃபோல்டர் நிறைய ஃபோட்டோ கொடுத்து, எல்லாவற்றின் பெயரையும் மாற்றச் சொன்னார்கள். ஒவ்வொன்றாக மவுஸால் மாற்றினால் பொழுது சாய்ந்துவிடும். கட்டளை தட்டும் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து ஒரே ஒரு வரி தட்டினேன். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து மளமளவென்று ஓடியது.

அந்த நேரம் பார்த்து எச்.ஆர். மேனேஜர் விருந்தாளிகளோடு அந்தப் பக்கம் வந்தார். "முதல்ல அதை மூடுங்க!" என்றார், ஆபீஸில் சீட்டாடியவளைப் பிடித்துவிட்டது போல. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கொடுத்த வேலையைச் சீக்கிரம் முடித்தது ஒரு குற்றமா? அன்று முழுக்க என் பக்கத்தில் செக்யூரிட்டி ஏழுமலையை உட்கார வைத்தார். ஏழுமலை வடக்குப்பட்டுக்காரர், பொய் சொல்லத் தெரியாதவர். "தப்பா நெனச்சிக்காதீங்க மேடம், நீங்க எதுனா பேங்க்க ஒடைக்கிறீங்களான்னு பாத்துகினே இருக்கச் சொல்லிக்கிறாரு."

பாராட்டு போன இடம்

சரக்கு அனுப்பும் டிஸ்பேட்ச் பிரிவில் பெட்டிகளுக்கு லேபிள் அடிப்பது ஒரு பேட்ச் ஃபைல். கட்டளைகளை வரிசையாக எழுதி வைத்த சின்ன ஃபைல்தான். அதை டபுள் கிளிக் செய்தால் ஒவ்வொன்றாக ஓடும். விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்தில் யாரோ எழுதியது. எழுதினவர் வேலையை விட்டுப் போய்விட்டார். பின்னால் வந்தவர்கள் ஆளுக்கு ஒரு வரி சேர்த்திருந்தார்கள். விண்டோஸ் எத்தனையோ முறை மாறியும் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

பழைய பிரிண்டரைத் தூக்கிவிட்டு யு.எஸ்.பி. பிரிண்டர் வாங்கினார்கள். பேட்ச் ஃபைலுக்கு யு.எஸ்.பி. என்றால் என்னவென்றே தெரியாது. அது பழைய பிரிண்டர் மாட்டியிருந்த போர்ட்டையே தேடியது. சாப்பிடக்கூடப் போகாமல் உட்கார்ந்து, பழைய போர்ட்டுக்குப் போவதைப் புது பிரிண்டருக்குத் திருப்பிவிடும் கட்டளையைச் சேர்த்தேன். லேபிள் வந்தது. பிளான்ட் ஹெட் வந்து லேபிளைத் தடவிப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. "பிரிண்டர்னா இதுதான்யா பிரிண்டர், மாட்டின உடனே ஓடுது பாரு!"

தடையும் சலுகையும்

பிறகு கட்டளை தட்ட பவர்ஷெல் என்று ஒரு புதுத் திரை வந்தது. பேட்ச் ஃபைலில் சுற்றி வளைத்துச் செய்ததையெல்லாம் அதில் நேராகச் செய்யலாம். ஆசையாக லேபிள் வேலை முழுவதையும் அதில் ஒரு ஸ்கிரிப்டாகப் புதிதாக எழுதினேன். என் கம்ப்யூட்டரில் ஓடியது. டிஸ்பேட்ச் கம்ப்யூட்டரிலோ சிவப்பு எழுத்தில், இங்கே ஸ்கிரிப்ட் ஓட்ட அனுமதி இல்லை என்று வந்தது. தலைமை அலுவலகத்தில் போட்ட பூட்டு. கெஞ்சினேன், விளக்கினேன், சண்டை போட்டேன். கடைசியில் அங்கிருந்த கம்ப்யூட்டர் பாதுகாப்பு அதிகாரி போனில் பெரிய மனது பண்ணிச் சொன்னார்: "ஸ்கிரிப்ட்டா ஓட்டக் கூடாது மேடம், ஆனா அதுல இருக்கற வரியெல்லாம் நீங்க கையால டைப் பண்ணிக்கலாம், அதுக்குத் தடை இல்ல."

திரும்பி வந்த லாரி

இதை இன்னும் என்னால் நிதானமாகச் சொல்ல முடியவில்லை. தலைமை அலுவலகத்தார் கம்ப்யூட்டர்களைப் புது விண்டோஸுக்கு மாற்றினார்கள். பழைய பேட்ச் ஃபைலில், இன்றைய தேதியை எடுத்துத் தரும் ஒரு கட்டளை இருந்தது. புது விண்டோஸில் அந்தக் கட்டளையையே எடுத்துவிட்டார்கள். லேபிளில் தேதி இருக்க வேண்டிய இடம் வெள்ளையாக வந்தது.

டிஸ்பேட்சில் இருந்தவன் முத்துச்செல்வன். கோவில்பட்டிப் பக்கத்துப் பையன், பென்னலூரில் நாலு பேரோடு ரூம் எடுத்துத் தங்கியிருப்பவன், கான்ட்ராக்ட். தேதி வரவில்லை என்று சூப்பர்வைசரிடம் சொல்லியிருக்கிறான். "லாரி நிக்குதுடா, ஒட்டு" என்றிருக்கிறார் அவர். ஒட்டினான். வாங்குகிற கம்பெனி கேட்டிலேயே லாரியைத் திருப்பி அனுப்பிவிட்டது. நான் போவதற்குள், நாளையிலிருந்து வராதே என்று முத்துச்செல்வனிடம் சொல்லி, மன்னிப்புக் கடிதமும் எழுதி வாங்கிவிட்டார்கள். சூப்பர்வைசர் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பிளான்ட் ஹெட்டைக் கையோடு டிஸ்பேட்சுக்கு அழைத்து வந்தேன். அவர் கண்ணெதிரே கறுப்புத் திரையைத் திறந்து அந்தக் கட்டளையைத் தட்டினேன். அப்படி ஒன்று இல்லவே இல்லை என்று கம்ப்யூட்டரே சொன்னது. "அது என்னமோ சொல்லட்டும்மா, ஒட்டினது இவன் கைதானே?" என்றார்.

"சார், இவன் கையாலயே இப்ப ஒட்டச் சொல்றேன், பாருங்க" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது, லைனில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பவர்ஷெல்லில் ஸ்கிரிப்ட்டுக்குத்தானே தடை, ஒற்றை வரிக்கு இல்லையே; அந்த ஒரு வரியை அழித்து, அதே இடத்தில் பவர்ஷெல்லிடம் தேதி கேட்கும் வரியை எழுதினேன். முத்துச்செல்வன் டபுள் கிளிக் செய்தான். லேபிள் தேதியோடு வந்தது. அதைப் பிய்த்து பிளான்ட் ஹெட் கையில் கொடுத்தேன். "கடிதத்தைத் திருப்பிக் குடுங்க சார். இல்லன்னா, புது விண்டோஸ் போட்டது யார்னு கேட்டு அவங்ககிட்டயும் ஒண்ணு எழுதி வாங்குங்க."

அவர் லேபிளைப் பிடித்தபடியே போய்விட்டார். மறுநாள் முத்துச்செல்வன் வேலைக்கு வந்தான். கடிதத்தைக் கிழித்துக் கிழித்துப் பொடியாக்கிக்கொண்டே சொன்னான்: "திருப்பிக் குடுத்துட்டாகக்கா, ஆனா என்கிட்ட ஒரு சாரி சொல்லத்தான் ஒருத்தருக்கும் வாய் வரல."

பழைய கம்ப்யூட்டர்

இப்போது விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸ் என்ற வேறொரு சிஸ்டமும் ஓடுகிறது. ஒரே ஜன்னலில் பழைய கமாண்ட் பிராம்ப்ட், பவர்ஷெல், லினக்ஸ் மூன்றும் பக்கத்தில் பக்கத்தில். போன மாதம் பிளான்ட் ஹெட் ஏ.ஐ.யிடம் கேட்டு, டிஸ்க்கில் இடம் பிடிக்கும் குப்பையை நீக்க ஒரு ஸ்கிரிப்ட் வாங்கி வந்தார். என் கம்ப்யூட்டரிலேயே பவர்ஷெல்லில் ஒட்டினார். சிவப்பு எழுத்து வந்தது. எட்டிப் பார்த்தேன். அது லினக்ஸ் கட்டளை. பக்கத்திலிருந்த லினக்ஸ் டேப்பில் ஒட்டியிருந்தால் எங்கள் டிசைன் ஃபோல்டர் முழுவதும் கேள்வி கேட்காமல் அழிந்திருக்கும். அதை அவருக்கு எடுத்துச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு என் தோளுக்கு மேலாகத் திரையைப் பார்த்துச் சொன்னார்: "ஏ.ஐ. தப்பா எழுதாதும்மா, உன் கம்ப்யூட்டர்தான் பழசு."

ஆக, கமாண்ட் பிராம்ப்ட் போய் பவர்ஷெல் வந்து, லினக்ஸும் ஏ.ஐ.யும் வந்தாயிற்று, சப்போர்ட்காரர்களைத் திட்டும் வசதியை மட்டும் எந்த வெர்ஷனிலும் எடுத்தபாடில்லை.